தண்ணீர் குடிக்கப் போன ஊர்

எனக்கு முதல் உத்தியோகம் கிடைத்தபோது கன்னியாகுமரி மாவட்டம் என்று ஒன்று இல்லை. நாங்கள் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தோம். உத்தரவுகள் ஆங்கிலத்தில் வரும். அதிகாரிகள் மலையாளத்தில் அதட்டுவார்கள். நாங்கள் தமிழில் முணுமுணுப்போம். கிராமத்துப் பெண்களைச் சேர்த்துப் பொதுவில் ஒரு காய்கறித் தோட்டம் போடவைக்க வேண்டும்; காய்கனிகளைக் கெடாமல் பதப்படுத்தவும், மழையில் மண் கரையாமல் காக்கவும் சொல்லிக்கொடுக்க வேண்டும். இதுதான் என் வேலை. நானோ நாகர்கோவிலில் மிஷன் பள்ளிக்கூடத்துக்கு எதிர்த் தெருவில் வளர்ந்தவள். செடி என்றால் வராந்தாவில் தொட்டியில் நிற்கும் குரோட்டன்ஸ் என்று நினைத்திருந்தேன். பயிற்சியில் மண்வெட்டி பிடிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். கையில் வந்த கொப்புளம் ஆறுவதற்குள் ஒரு விதைப் பெட்டியைக் கொடுத்து, சுசீந்திரத்துக்குத் தெற்கே ஓர் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்.

அந்த ஊரில் குளத்தங்கரைக்குக் கீழே ஒரு சரிவு, சர்க்கார் புறம்போக்காகக் கிடந்தது. மழைக்கு மழை அதன் மண் கரைந்து வாய்க்காலில் இறங்கும். வாய்க்காலை யார் வெட்டிச் சுத்தம் செய்வது என்று ஊரில் அடிதடி நடக்கும். அந்தச் சரிவைத்தான் மாதர் சங்கத்துக்கு ஒரு வருஷத்துக்குக் கொடுத்திருந்தார்கள். வருஷ முடிவில் பெரிய அதிகாரி வந்து பார்ப்பார். தோட்டம் செழித்து, மண்ணும் நின்றிருந்தால் இடம் நிரந்தரமாகச் சங்கத்துக்கு. இல்லாவிட்டால் ரைஸ் மில் முதலாளிக்கு. அவர் நெல் காயப்போடக் களம் வேண்டும் என்று ஏற்கனவே எழுதிப் போட்டிருந்தார்.

சங்கத்தின் முதல் கூட்டத்தில் நான் காய்கறிகளில் உள்ள உயிர்ச்சத்தைப் பற்றி நெடுநேரம் பேசினேன். எல்லாரும் மரியாதையாகக் கேட்டார்கள். இரண்டு பேர் தூங்கினார்கள், அதுவும் மரியாதையாகத்தான். கடைசியில் ஏதாவது சந்தேகம் உண்டா என்றேன். பின்னால் இருந்த ஓர் அக்கா எழுந்து, அந்தச் சரிவில் தனக்கென்று ஒரு மூலை கிடைக்குமா என்று கேட்டார். உயிர்ச்சத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வந்தது.

அந்த அக்கா வீடுவீடாகப் போய் நெல் அவித்துக் கொடுப்பவர். அவர் பேசினால் குளத்தின் அக்கரையில் துவைக்கிறவர்கள் பதில் சொல்வார்கள், அப்படி ஒரு தொண்டை. குடியிருந்தது வரிசை வீடு. வாசலில் காலை வைத்தால் அடுத்த வீட்டு அடுப்படி. ஒரு முருங்கைக் கம்பு ஊன்ற இடம் கிடையாது. பிறந்த வீடும் அப்படித்தானாம்.

“வயசு நாப்பதாச்சு டீச்சரம்மா. எனக்குன்னு மண்ணுல ஒரு செடி நின்னதில்ல” என்றார்.

அந்தப் பெரிய தொண்டையிலிருந்து அது சின்னக் குரலில் வந்ததால் எனக்கு என்னவோ ஆகிவிட்டது. இடம் நிலைத்தால் ஒரு மூலை உங்களுக்குத்தான் என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். அப்படிச் சொல்ல எனக்கு எந்த அதிகாரமும் இல்லை. ஆனால் யாரும் மறுக்கவில்லை.

வேலை மளமளவென்று நடந்தது. வழுதலை என்று நாங்கள் சொல்லும் கத்தரி, வெண்டை, மிளகாய், கறிவேப்பிலைக் கன்று என்று பெண்கள் தங்கள் கையாலேயே நட்டார்கள். மண்ணைப் பிடித்து நிறுத்தக் கரையை ஒட்டிச் சரிவு முழுக்க வெட்டிவேர் வைத்தார்கள். நான் என் கையால் நட்டது தக்காளி மட்டும்தான். விதைப் பெட்டியில் சர்க்கார் அள்ளி வைத்திருந்ததும் அதுதான். அன்றைக்கு எங்கள் பக்கத்தில் தக்காளியை யாரும் சட்டை செய்ததில்லை. தீயலுக்கு வேண்டாம், அவியலுக்கு வேண்டாம், புளிக்கறிக்குப் புளி இருக்கிறது, பின்னே இது எதற்கு என்று கேட்டார்கள். ஜாம் செய்ய என்றேன். ஜாம் எதற்கு என்றார்கள். ரொட்டியில் தடவ என்றேன். ரொட்டி எதற்கு என்று கேட்பதற்குள் அடுப்பைப் பற்றவைத்தேன்.

பீங்கான் பரணிகளில் கடுமாங்காயும் நாரத்தங்காயும் உப்பில் போட்டு, பலாச்சுளையை வெல்லத்தில் சக்கைவரட்டியாகவும் கிண்டி வருஷம் முழுக்கக் கெடாமல் வைத்திருக்கிறவர்கள் அந்தப் பெண்கள். அவர்கள் முன்னால் வியர்க்க வியர்க்க நான் தக்காளி ஜாம் கிண்டினேன். விரலில் தொட்டு நாக்கில் வைத்த ஓர் அம்மாள் கொஞ்சம் யோசித்துவிட்டு, “கொள்ளாம். சுக்கு தட்டிப் போட்டா மருந்துக்கு ஆவும்” என்றார். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

பிறகுதான் செடிகள் காணாமல் போகத் தொடங்கின. காலையில் நிறைந்து நின்ற பாத்தியில் சாயங்காலம் ஓட்டைப் பல் மாதிரி இடைவெளி. முதலில் ஆடு என்று நினைத்து வேலி கட்டினோம். ஆனால் எந்த ஆடும் செடியை வேரோடு எடுத்து, குழியை மூடி, மேலே தண்ணீரும் தெளித்துவிட்டுப் போகாது. அடுத்த சந்தேகம் மில் முதலாளி மேல் விழுந்தது. எனக்குக் கோபம் வந்தால் குடையை மடக்கக்கூட நேரம் கொடுக்க மாட்டேன். விரித்த குடையோடு மில்லுக்குள் போய் நியாயம் கேட்டேன். அவர் எனக்குக் காப்பி வரவழைத்தார். தோட்டம் கெட்டுப்போக நான் எதற்கம்மா பாடுபட வேண்டும், நீங்கள் இருக்கிறீர்களே என்றார். காப்பி நன்றாக இருந்தது. அதனால் இன்னும் ஆத்திரம் வந்தது.

காவலுக்கு அந்த நெல் அவிக்கிற அக்காவைப் போட்டேன். மூலை நிலம் அவருடையதாயிற்றே, உயிரைக் கொடுத்துக் காப்பார் என்று கணக்கு. அது சரியாகத்தான் இருந்தது. மறுநாளே மத்தியானம் ஒரு கூச்சல் கேட்டு ஓடினேன். பூவரச மரத்தடியில் அக்கா நின்றுகொண்டிருந்தார். எதிரே, மடியில் இரண்டு மிளகாய்க் கன்றும் முகத்தில் எரிச்சலுமாகச் சங்கத் தலைவி. எங்கள் சங்கத்தின் தலைவியேதான். அடுத்த நாள் ஜாமுக்குச் சுக்கு சொன்ன அம்மாள் அகப்பட்டார். அதற்கடுத்து அகப்படாதவர் யார் என்று பார்ப்பது சுலபமாக இருந்தது.

கூட்டம் போட்டேன். பொதுச் சொத்து, நாணயம், வெட்கம் என்று எனக்குத் தெரிந்த கனமான சொற்களையெல்லாம் இறக்கினேன். ஒருவர்கூடத் தலை குனியவில்லை. நான் மூச்சு வாங்கியபோது சங்கத் தலைவி மிகப் பொறுமையாகச் சொன்னார்.

“குடுத்த செடி வேரு பிடிக்காது டீச்சரம்மா. களவா எடுத்தாத்தான் நிக்கும். இது ஒங்க பள்ளிக்கூடத்துல சொல்லித் தரலியா?”

இல்லை என்றேன். பிறகு ஆளுக்கொரு பக்கமாக எனக்குப் பாடம் நடந்தது. ஒருவர் வீட்டுச் செடி உங்களுக்கு வேண்டுமானால் அதைக் கேட்கக் கூடாது. அந்தச் செடியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். வீட்டுக்காரிக்கு விஷயம் புரிந்துவிடும். ‘தண்ணி குடிச்சிட்டு வாறேன்’ என்று உள்ளே போவாள். நல்ல வீட்டுக்காரி என்றால் சாவகாசமாகக் குடிப்பாள். அதற்குள் எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும். போகும்போது சொல்லிக்கொள்ளக் கூடாது. நன்றி சொன்னால் செடி பட்டுவிடும். கோயிலுக்குப் போகிறவர்கள், சர்ச்சுக்குப் போகிறவர்கள், அய்யா வழியில் பதிக்குப் போகிறவர்கள் எல்லாருக்கும் இதில் மார்க்கம் ஒன்றுதான். பத்துக் கட்டளையையும் மூச்சு விடாமல் சொல்லக்கூடிய ஓர் அம்மாளைப் பார்த்து, நீங்களுமா என்றேன். கட்டளை சாமான்களுக்குத்தான், செடிக்குக் கிடையாது என்று அவர் தெளிவுபடுத்தினார். சரிவில் நின்ற நேரமெல்லாம் நான் தண்ணீர் குடிக்கவே போகாததுதான் எல்லாருக்கும் பெரிய இடைஞ்சலாம்.

இன்னொரு விதியும் உண்டு. யார் செடியை வேண்டுமானாலும் எடுத்துவிட முடியாது. நட்டவருக்குக் கைராசி இருக்க வேண்டும். அப்போதுதான் என் தக்காளிப் பாத்தியில் ஒரு செடிகூடக் குறையவில்லை என்பது எனக்கு உறைத்தது. என் வாடகை அறையின் முன்னால் மண்ணெண்ணெய் டின்னில் ஒரு பன்னீர் ரோஜா வைத்திருந்தேன், அம்மா நாகர்கோவிலிலிருந்து கொடுத்துவிட்டது. வாசலில் கதவுகூடக் கிடையாது, ஒரு படல்தான். அதையும் யாரும் தொட்டதில்லை. என் மேலுள்ள மரியாதை என்று அதுவரை நினைத்திருந்தேன். என் தக்காளியை ஏன் எடுக்கவில்லை என்று கேட்டுவிட்டேன். கூட்டம் சேலைத் தலைப்பைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“ஒங்க கையி எழுதுத கையி” என்றார் தலைவி, மனம் நோகாதபடி.

எனக்கு நன்றாகவே நொந்தது. கைராசியாவது மண்ணாங்கட்டியாவது, கொடுத்த செடியும் நிற்கும் என்று விஞ்ஞானப்படி நிரூபிக்கக் கிளம்பினேன். ஆளுக்கு இரண்டு வழுதலைக் கன்று எல்லார் முன்னிலையிலும் கையில் கொடுத்தேன். மறுக்காமல் வாங்கிக்கொண்டார்கள். சில வாரம் கழித்து வீடுவீடாகப் போய்ப் பார்த்தால், நான் கொடுத்தது வேலியோரம் சருகாகக் கிடந்தது. கிணற்றடியில் தளதளவென்று, களவில் வந்த அதே வழுதலை. இது ஏன் வாடியது என்று கேட்டால், அது கொடுத்ததல்லவா என்று என்னையே திருப்பிக் கேட்டார்கள். தண்ணீர் ஊற்றினீர்களா என்றேன். நிக்காத செடிக்கு எதுக்குத் தண்ணி என்றார்கள். இந்த இடத்தில் விஞ்ஞானம் குடையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது.

தோட்டத்தைக் காத்தது அந்த அக்காவின் மூளைதான். அவருக்கும் இந்த நம்பிக்கையில் துளியும் சந்தேகம் கிடையாது. அதனால் அவர் திருட வந்தவர்களைத் திட்டுவதை நிறுத்திவிட்டார். யாராவது பாத்தியில் குனிந்தால் போதும், பூவரசடியில் இருந்தபடியே ஊர் கேட்க, “கொண்டு போ மக்கா, நான் தந்தேன்!” என்பார். அவ்வளவுதான். குனிந்தவள் கையில் நெருப்பைத் தொட்டதுபோல் செடியை அங்கேயே போட்டுவிட்டு, முணுமுணுத்துக்கொண்டு போவாள். தானம் கொடுத்தே கள்ளர்களை விரட்டியவரை நான் அங்கேதான் பார்த்தேன்.

ஆனாலும் அதற்குள் சேதம் நடந்துவிட்டது. பெரிய அதிகாரி வரும் நாள் நெருங்கியபோது சரிவில் பாதி மொட்டையாக இருந்தது. வெட்டிவேரைக்கூடத் தண்ணீர்ப் பானையில் போட என்று கொண்டு போயிருந்தார்கள். மில் முதலாளி தினமும் அந்த வழியாக நடந்து, நிலத்தைக் கண்ணால் அளந்துவிட்டுப் போனார். அக்கா இப்போது யாரையும் விரட்டவில்லை. விரட்ட அங்கே என்ன இருந்தது? தன் மூலையாக வரப்போகிற இடத்தில் போய்க் குந்தி, மண்ணைக் கையால் அளைந்துகொண்டிருப்பார். அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. மறுபடியும் கூட்டம் போட்டு, எடுத்ததையெல்லாம் திருப்பிக் கொண்டு வாருங்கள், இல்லாவிட்டால் களம்தான் என்றேன். அந்த அக்காவின் முகத்தைப் பார்த்த பிறகு யாருக்கும் மறுக்க மனம் வரவில்லை. எல்லாரும் சம்மதித்தார்கள். ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. திருப்பிக் கொடுத்தாலும் அது கொடுத்ததுதானே? வேர் பிடிக்காதே?

 பிறகு அக்கா எழுந்தார்.

“நீங்க ஆரும் தர வேண்டாம். நாளைக்கு மத்தியானம் எல்லாரும் தண்ணி மட்டும் குடியுங்க” என்றார்.

மறுநாள் அந்த ஊர் குடித்த தண்ணீரை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. அக்கா ஓர் ஓலைக் கடவப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு வீடுவீடாக ஏறினார். அவர் தலை தெரிந்ததும், தண்ணி குடிச்சிட்டு வாறேன் என்று வீட்டுக்கு வீடு குரல் கேட்டது. ஒருத்தி கிணற்றடியில் கையில் வாளியோடு நின்றுகொண்டே, தண்ணி குடிக்க உள்ளே ஓடினாள். தலைவியின் கணவருக்கு விஷயம் தெரியாது. பட்டப்பகலில் கன்றைப் பிடுங்குகிறாளே என்று எழுந்தவரைத் தலைவி தள்ளிக்கொண்டு உள்ளே போய், செம்பை அவர் வாயில் வைத்தாராம். அக்கா தன் வாழ்நாளில் அதுவரை ஒரு செடியும் எடுத்ததில்லை, நட இடம் இருந்தால்தானே. ஆனால் கை தேர்ந்தவர் மாதிரி, வேர்மண் உதிராமல் எடுத்தார். வெட்டிவேர் மட்டும் முழுசாகத் தேறவில்லை. தேறியதைச் சரிவின் பார்வையான பக்கத்தில் நட்டோம்.

மழையும் இரண்டு தடவை தயவு பண்ணியது. அதிகாரி வந்த அன்று தோட்டம் பார்க்கும்படியாகவே இருந்தது. திருவனந்தபுரத்திலிருந்து ஜீப்பில் வந்தார். சிரிக்காத முகம். தமிழா மலையாளமா என்று ஊரெல்லாம் பேச்சாகக் கிடந்த காலம் அது. மலையாள அதிகாரி என்றாலே எங்கள் ஆட்களுக்கு முகம் கடுத்துவிடும்.  அவர் ஜாமைக் கரண்டியில் தொட்டுப் பார்த்து, கரண்டியை மெதுவாக வைத்தார். என் தக்காளியை மட்டும் நன்றாக இருக்கிறது என்றார். அதைத் தனக்குப் பின்னால் நின்ற பெண்கள் எப்படிக் கேட்டார்கள் என்பதை அவர் கவனிக்கவில்லை. சரிவில் ஒரு பக்கம் ஏன் வெட்டிவேர் இல்லை என்று கேட்டார்.  மில் முதலாளி தொண்டையைச் செருமினார். அக்கா தள்ளி நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதிகாரி பதிலுக்குக் காத்திருக்காமல் கறிவேப்பிலைப் பாத்திக்குப் போனார். தலைவியின் கைராசி முழுவதும் அந்தப் பாத்தியில்தான் இருந்தது. அங்கே நின்றார். நின்றுகொண்டே இருந்தார். நான் பேசினேன், அவர் கேட்கவில்லை. ஒரு கன்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது. அதே கணத்தில் அக்கா பாத்தியைப் பார்த்து வாயைத் திறந்தார். ‘கொண்டு போங்க, நான் தந்தேன்’ என்று அந்தத் தொண்டையில் வந்துவிட்டால் எல்லாம் முடிந்தது. 

“தாகமா வருது டீச்சரம்மா” என்றார் அக்கா. “நாம எல்லாரும் போய்த் தண்ணி குடிச்சிட்டு வருவோம்.”

என் கையைப் பிடித்து இழுத்தார். தலைவி மில் முதலாளியின் முழங்கைப் பக்கமாக வந்து, உங்களுக்கும் தாகமாகத்தான் இருக்கும் என்று சொல்லி அழைத்துக்கொண்டு வந்துவிட்டார். சங்கம் முழுவதும் அதிகாரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பூவரசடியில் இருந்த ஒரே பானையைச் சுற்றி நின்று குடித்தது. மில் முதலாளி திரும்பிப் பார்க்கப் போனபோதெல்லாம் யாராவது அவருக்கு இன்னொரு செம்பு நீட்டினார்கள். கடைசியாகத் திரும்பியபோது அதிகாரி ஜீப்பில் ஏறி உட்கார்ந்திருந்தார். மடியில் செய்தித்தாள் விரித்திருந்தது. அது நடுவில் ஒரு கன்றின் உயரத்துக்கு எழும்பி நின்றது. முகத்தில் இப்போதும் சிரிப்பு இல்லை, ஆனால் காது சிவந்திருந்தது.

“முதலாளி, நெல்லு காயப்போட வேறெ ஸ்தலம் நோக்கிக்கோ” என்றார். ஜீப் போய்விட்டது. யாரும் நன்றி சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கறிவேப்பிலை பட்டுப்போயிருக்கும்.

அக்காவுக்கு மூலை கிடைத்தது. முள் வைத்து வேலி கட்டினார். கொத்தினார், கட்டி உடைத்தார், சாணம் போட்டார். ஆனால் எதுவும் நடவில்லை. மழை வந்து போயிற்று, மண் சும்மாவே கிடந்தது. எத்தனையோ வீடுகளில் அவரைப் பார்த்ததும் தண்ணீர் குடிக்கப் போனார்கள். அவர் எடுக்கவில்லை. தோட்டத்துக்காக ஊரையே சூறையாடியவர் தனக்கென்று வரும்போது தயங்குவானேன் என்று கேட்டேன். “பாத்துக்கிட்டு இருக்கேன்” என்றார். முதல் செடி, கண்ட கையிலிருந்து எடுக்க முடியுமா என்று தலைவி எனக்கு விளக்கினார்.

ஒரு நாள் நாகர்கோவிலிலிருந்து சீக்கிரமே பஸ் ஏறிவிட்டேன். நல்ல வெயில். அறைக்குப் போனபோது என் வாசல் படல் திறந்திருந்தது. உள்ளே, மண்ணெண்ணெய் டின்னுக்கு முன்னால், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அந்த அக்கா குந்தியிருந்தார். ரோஜாவின் ஒரு கிளையை நான் வளைத்து மண்ணில் பதியம் போட்டிருந்தேன். வேர் விட்டிருந்த அதை, கத்தியால் மெல்ல மெல்ல அறுத்துக்கொண்டிருந்தார்.

என் செடி. எழுதுத கையால் நான் போட்ட பதியம்.

எனக்கு அழுகை வந்தது. வெட்கம் இல்லாமல் சொல்கிறேன், வந்தது. அந்தச் சந்தோஷத்தில், எடுத்துக்கிடுங்க அக்கா, நான் தந்தேன் என்று வாய்வரை வந்துவிட்டது. நல்லவேளை, கடித்துக்கொண்டேன். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்து, வந்த வழியே திரும்பி, முக்குச் சாயாக்கடைக்குப் போய்த் தண்ணீர் கேட்டேன்.

கடைக்காரர் என் கையில் இருந்த செருப்பைப் பார்த்தார்.

“என்ன டீச்சரம்மா, இந்த வெயிலுல இங்கன வந்து நிக்கிய?”

“தாகம்” என்றேன்.

அவர் என் அறை இருந்த திசையை ஒரு தடவை எட்டிப் பார்த்தார். டம்ளரை நிறைத்து வைத்தார்.

“அப்போ மெதுவா குடியுங்க” என்றார்.